ரசீதில் ஏறாத பணம்: புதிய இருசக்கர வாகனங்களின் கூடுதல் வசூல் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலத்தை ஒட்டிய கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். உறுப்பினரிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது போட்டுப் பழகிய எனக்கு, இந்தத் தீபாவளிப் பருவத்தில் புதிய இருசக்கர வாகனம் வாங்கப் போன எங்கள் பகுதி மக்களிடம் ரசீதே இல்லாமல் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் தம்பி மகன் மன்னார்குடியில் அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். இரவு வேலை முடிந்து அவன் திரும்பும் நேரத்தில் எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. பதினொரு ஆண்டுகள் ஓடிய பழைய வண்டி ஆவணியில் முற்றிலும் நின்றுவிட்டது. வரி குறையப் போகிறது என்ற செய்தி அப்போதே வந்திருந்ததால், இரவல் வண்டியில் ஒரு மாதம் சமாளித்துவிட்டு, நவராத்திரி வாரத்தில் அருகிலுள்ள நகரத்து விற்பனையகம் ஒன்றில் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தான். பத்து நாளில் வண்டி என்றார்கள். தீபாவளி கடந்தும் வரவில்லை. பிறகு ஒரு நாள் அழைத்து, "வண்டி வந்திருக்கு தம்பி, ஃபிட்டிங்ஸோட எடுக்கறதா இருந்தா இன்னிக்கே எடுத்துக்கலாம், இல்லேன்னா தை மாசம் ஆயிடும்" என்றார்கள். ஃபிட்டிங்ஸ் என்று 4,600 ரூபாய், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 2,000 ரூபாய், ஆர்.டி.ஓ. செலவு என்று 1,250 ரூபாய், ஆக 7,850 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். அவனும் கொடுத்துவிட்டான், தை மாதம் வரை இரவல் வண்டியில் வேலைக்குப் போக யாரால் முடியும்? முதல் தொகைக்கு ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. வண்டியின் பில்லில் மட்டும் நிறுவனம் அறிவித்த ஷோரூம் விலை ஒரு ரூபாய் பிசகாமல் அச்சாகியிருக்கிறது.

வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது எப்படி என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த நாளுக்காக வாங்காமல் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நவராத்திரி, ஆயுத பூஜை, தீபாவளி என்ற ஒரே மாத இடைவெளிக்குள் கடைக்கு வந்தார்கள். டெல்டாவில் அதே சமயத்தில்தான் குறுவை நெல்லுக்கான பணமும் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் ஏறத் தொடங்கும். தேவை இப்படி ஒரே நேரத்தில் குவியும்போது எந்தத் தொழிற்சாலையாலும் உடனே ஈடுகொடுக்க இயலாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்; தாமதம் யார் குற்றமும் அன்று. ஆனால் வரி குறைந்ததால் மிச்சமானது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். வரிக்கு முந்தைய விலை 70,000 ரூபாய் உள்ள வண்டி முன்பு 89,600 ரூபாய். இப்போது 82,600 ரூபாய். மிச்சம் 7,000 ரூபாய். என் தம்பி மகனிடம் கேட்ட கூடுதல் தொகை அதைவிட அதிகம். அரசு தனக்கு வர வேண்டிய வருவாயை விட்டுக்கொடுத்து மக்களுக்கு என்று ஒதுக்கிய தொகை, மக்கள் கைக்கு வராமல் விற்பனையக மேசையோடு நின்றுவிட்டது. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

அந்த 7,850 ரூபாயை இனம் இனமாகப் பிரித்துப் பார்த்தேன். ஃபிட்டிங்ஸ் பட்டியலில் லெக் கார்டு, சீட் கவர், கால்மிதி, சாரி கார்டு, ஹெல்மெட் ஆகியவை இருந்தன. பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, அதாவது சாரி கார்டு, வண்டியோடு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. இருசக்கர வாகனம் வாங்கும்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டை உற்பத்தியாளரே வழங்க வேண்டும் என்று 138-ஆவது விதி சொல்கிறது. சட்டப்படி வண்டியோடு வர வேண்டிய இரண்டு பொருள்களைத் தனியே விலை வைத்து விற்றதோடு, அவற்றை வாங்கினால்தான் வண்டி என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. செலவின் கதையும் இதுவே. மோட்டார் சைக்கிளுக்கான பதிவுக் கட்டணம் 300 ரூபாய். கடனில் வாங்கியதைப் பதிவுச் சான்றில் குறிக்க 500 ரூபாய். சாலை வரி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 சதவீதம். வரியையும் கட்டணங்களையும் ஏற்கெனவே ஆன்ரோடு விலையில் சேர்த்து வாங்கிவிட்ட பிறகு, அதே பெயரில் மீண்டும் 1,250 ரூபாய் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியை இறக்கி, துடைத்து, ஓட்டிப் பார்த்துத் தரும் வேலைக்காம். விற்பவர் செய்ய வேண்டிய வேலையே அதுதானே?

விற்பனையாளர் தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் வண்டிகள் தேங்கிக் கிடக்கும்போது வட்டியைச் சுமப்பவர்கள் அவர்கள்தான். அப்போது தள்ளுபடி கொடுத்து விற்கிறோமே, தட்டுப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் என்ன தவறு என்கிறார்கள். சிறு ஊர்களில் உள்ள சப் டீலர்களோ, மெயின் டீலரே தங்களிடம் கூடுதலாக வாங்கிக்கொண்டுதான் வண்டியை அனுப்புகிறார் என்று புலம்புகிறார்கள். அது பொய்யாகவும் இருக்காது. பிஸ்கட் பொட்டலத்தைப் போல மோட்டார் சைக்கிளின் மீது அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்படுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் தள்ளுபடியை வாங்குபவர் அறிந்தே பெறுகிறார். இந்தக் கூடுதல் தொகையோ, முன்பணம் வாங்கும்போது சொல்லப்படாமல், மூன்று வாரங்கள் காக்க வைத்த பிறகு, வேறு வழி இல்லாதவரிடம் கேட்கப்படுகிறது. கூடுதல் விலை நியாயமானது என்றால் அதைக் கொட்டேஷனில் எழுதி, பில்லில் காட்டி, அதற்குரிய ஜிஎஸ்டியையும் கட்டட்டும். காட்டாமல் வாங்கும் பணத்தால் அரசுக்கும் வரி இழப்பு, வாங்குபவருக்கும் ஆதாரம் இல்லாத செலவு.

அந்த ஆதாரமின்மை பின்னாளிலும் தொல்லை கொடுக்கும். வண்டி திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் தரும் தொகை, நிறுவனம் அறிவித்த விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்தே கணக்கிடப்படுகிறது. ரசீது இல்லாமல் கொடுத்த 7,850 ரூபாய் அந்தக் கணக்கில் எங்கும் வராது. கையில் பணம் இல்லாதவர்கள் இந்தத் தொகைக்குத் தனியாகக் கைமாற்று வாங்குகிறார்கள். சிலருக்கு வண்டிக் கடனிலேயே சேர்த்துவிடுகிறார்கள், மூன்று ஆண்டுகள் அதற்கும் வட்டி ஓடுகிறது. எங்கள் ஊரில் இருசக்கர வாகனம் வாங்குபவர்கள் பால் ஊற்றுபவர்கள், கொத்தனார்கள், எக்ஸ்.எல். வண்டியில் உர மூட்டையை முன்னால் வைத்து வயலுக்குப் போகும் குத்தகை விவசாயிகள். அவர்களுக்கு இது சிறு தொகை இல்லை.

என் தலைமுறைக்கு இது புதிதும் இல்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாள்களையும், ஒதுக்கீடு கிடைத்தவர் அதையே மேல் பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கைமாற்றியதையும் பார்த்திருக்கிறோம். அன்று கட்டுப்பாடு காரணம். இன்று தொழிற்சாலைகளும் விற்பனையகங்களும் பெருகிய பிறகும் அதே மேல் பணம் வேறு பெயரில் வருவதை ஏற்க முடியவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. கடையில் வைத்துள்ள விலைப்பட்டியலைவிடவோ, இருதரப்பும் ஒப்புக்கொண்ட விலையைவிடவோ அதிகம் வாங்கினால் புகார் செய்யலாம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவோம் என்று நிபந்தனை விதிப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிகக் கட்டுப்பாடாகக் கருதுகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ஆனால் புகார் வலுவாக நிற்கக் கையெழுத்திட்ட கொட்டேஷன் ஒன்று கையில் இருப்பது நல்லது. என் தம்பி மகனிடம் இருந்தது விசிட்டிங் கார்டின் பின்புறம் பென்சிலால் எழுதிய ஒரு எண் மட்டுமே. அதனால் முன்பணம் கட்டும் எவரும் இனவாரியாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் பதித்த கொட்டேஷனைப் பெறாமல் அந்த இடத்தை விட்டு எழ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாவட்ட ஆட்சியர்களுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விற்பனையகத்திலும், சப் டீலர் கடைகள் உட்பட, மாடல் வாரியாக ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் தமிழ்ப் பலகை வைக்கச் செய்ய வேண்டும். முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்களின் வரிசை எண்ணும் தேதியும் தெரியும் பட்டியல் ஒன்றும் அருகில் இருக்கட்டும். பணம் கூடக் கொடுத்தவர் வரிசையைத் தாண்டிப் போனால் அது எல்லோர் கண்ணிலும் படும். வணிகவரித் துறையினர் பில் தொகையையும் வாடிக்கையாளர் உண்மையில் செலுத்திய தொகையையும் சில கடைகளிலாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தையிலும் மாசியிலும் சம்பா நெல் கொள்முதல் நிலையங்களுக்கு வந்து, பணமும் கைக்கு வந்ததும், மக்கள் மறுபடியும் இதே கடைகளுக்குத்தான் போவார்கள். பலகைகள் அதற்கு முன்பே வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.