மரம் இறக்குகிற கூலியை விறகில் கழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை நெருங்கினால் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு அறிவுரை வரும். வீட்டருகே உள்ள பலவீனமான மரங்களையும் காய்ந்த கிளைகளையும் அகற்றிவிடுங்கள் என்று. நல்ல அறிவுரைதான். யார் ஏறி அகற்றுகிறார்கள், எந்தக் கணக்கில் அகற்றுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். நான் தாம்பரம் பக்கம் மரம் ஏறிக் கிளை கழிக்கிற, மரம் இறக்குகிற வேலை செய்பவன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். கோடாலியும் அரிவாளும் போய் மெஷின் ரம்பம் வந்துவிட்டது, பேரம் மட்டும் அப்பா காலத்துப் பேரமாகவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்காரர் மரத்தைக் காட்டுவார், நாங்கள் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வோம். உடனே வருகிற பதில் அநேகமாக ஊருக்கெல்லாம் ஒன்றுதான்: "என்னப்பா, மரம் முழுக்க உனக்குத்தானே? விறகே எவ்வளவுக்குப் போகும்! பார்க்கப்போனால் நீதான் எனக்குத் தரணும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கேட்பதும் தப்பாகத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஆட்கூலி, கயிறு, மெஷின், பெட்ரோல், வண்டி வாடகை எல்லாம் விறகுக்குள் போய்விடுகிறது. அதோடு மரத்தை எப்படி அறுப்பது என்பதையும் அப்புறம் விறகுதான் முடிவு செய்கிறது.

முதலில் இந்த விறகு என்ன விலை என்று பார்ப்போம். தேக்கு, வேம்பு, பூவரசு, நல்ல பருமனுள்ள மா என்றால் மர வாடியில் மதிப்பு உண்டு. ஆனால் எங்களுக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் இருப்பது தூங்குமூஞ்சி, குல்மொகர், முருங்கை, காய்ந்த தென்னை. முருங்கையை அடுப்புக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள். குல்மொகர் எடை போட்டால் கனக்கும், காய்ந்தால் ஒன்றும் இருக்காது. தென்னை செங்கல் சூளைக்குப் போகும், அதுவும் சூளை பக்கத்தில் இருந்தால். தழையும் சுள்ளியும் ஒரு குட்டியானை வண்டி நிறைய சேரும், அதைக் கொட்ட இடம் தேடி அலைவதே தனி வேலை. இதெல்லாம் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. அவர் பார்ப்பது அடிமரத்தை மட்டும்தான்.

விறகில் கூலி கழிந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வாடிக்காரருக்கு நீளத் துண்டுதான் வேண்டும். மூன்று அடித் துண்டு விறகுக் கணக்கில் போகும், எட்டு அடி, பத்து அடி என்றால் அறுப்பு மரக் கணக்கில் விலை ஏறும். அப்படியானால் மேலே இருக்கிறவன் எப்படி அறுப்பான்? ஒரு அடி விட்டமுள்ள பச்சைக் கிளையில் ஆறு அடித் துண்டே நூறு கிலோவைத் தாண்டும். கீழே ஷீட் கூரை, காம்பவுண்டு சுவர், சிண்டெக்ஸ் தொட்டி, பக்கத்து வீட்டுக் கார் இருக்கிற இடத்தில் இரண்டு அடி, மூன்று அடியாகக் கட்டிக் கட்டித்தான் இறக்க வேண்டும். அப்படிச் செய்தால் நாள் முழுக்க ஆகும், துண்டும் விலை போகாது. நீளமாக அறுத்தால் மத்தியானத்துக்குள் முடியும், காசும் கிடைக்கும், ஆனால் கயிறு இழுக்கிற இழுப்பில் மரமே ஒரு ஆட்டம் ஆடும், அந்த மரத்தில்தான் நாங்களும் கட்டிக்கொண்டு நிற்கிறோம். சுவர் இடிந்தால் வீட்டுக்காரர் திட்டுவார். நீளமாக அறுக்க வைத்தது அவர் பேசிய பேரம்தான் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஏறுகிற வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அது ஏதோ குரங்கு வித்தை போலத் தெரிகிறது. மரத்தைத் தொடுவதற்கு முன் அடியைச் சுற்றிப் பார்ப்போம். தூரில் காளான் முளைத்திருந்தால் உள்ளே வேர் அழுகியிருக்கிறது என்று அர்த்தம். அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தால் கெட்டியான இடத்தில் 'டொக்' என்று வெட்டென நிற்கும், பொந்து உள்ள இடத்தில் 'தொம்' என்று உள்வாங்கும். ஏணி வைத்து முதல் கவை வரை ஏறி, அங்கிருந்து வடக்கயிற்றை மேல் கவைக்கு மேல் எறிந்து இழுத்துச் சோதித்து, அப்புறம்தான் உடம்பைக் கட்டுவது. அறுக்கப்போகிற கிளையை முதலில் கயிற்றால் கட்டி, கயிற்றை இன்னும் உயரமான கவையில் போட்டு, கீழே இருக்கிற ஆள் மறுமுனையை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிப்பார். அந்தச் சுற்றில்தான் பாரம் நிற்கிறது, கையில் அல்ல. கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால் பாதியில் முறிந்து பட்டையோடு அடிமரம் வரை உரிந்துவரும். அதனால் கீழ்ப்பக்கம் ஒரு சிறு வெட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து வெட்டு, கடைசியில் மிச்ச முண்டு. இதில் எதையும் அவசரத்தில் செய்ய முடியாது.

மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். செயின் ஓடுகிற பட்டையின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். தரையில் நின்றால் விலகிக்கொள்ளலாம், மேலே ஒரு கை கிளையைப் பிடித்திருக்கும்போது எங்கே விலகுவது? ஒரு கையால் மெஷின் பிடித்து அறுக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். இதற்கு நடுவே முசுறு எறும்பு சட்டைக்குள் போகும், மாம்பால் பட்ட இடம் புண்ணாகும், காக்காக் கூடு இருந்தால் ஒரு கூட்டமே மண்டையில் கொத்தும். கதண்டு என்கிற விஷக்குளவியின் கூடு இருந்தால் அன்றைக்கு வேலையே இல்லை. இது எங்களில் யாரும் மீறாத விதி.

தென்னை தனி ரகம். சிவப்புக் கூன்வண்டு விழுந்த தென்னை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே தண்டின் சோற்றுப் பகுதி முழுக்கப் பொடியாகியிருக்கும், ஏறிப் பாதியில் போகும்போது ஒடிந்தால் பிடிக்க எதுவும் கிடையாது. குருத்து சாய்ந்து மட்டை தொங்கிய தென்னையில் ஏற மாட்டேன் என்றால், "தேங்காய் பறிக்கிற ஆள் போன மாதம்கூட ஏறினாரே" என்பார்கள்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. விறகு யாருக்கோ அவனுக்கு மரம் நிற்பதில் லாபம் இல்லை. பாதி மரங்களுக்கு முழு வெட்டே தேவையில்லை. காய்ந்த கொப்பை எடுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிற பாரத்தைக் குறைத்து, காற்று புகுந்து போகிற மாதிரி அடர்ந்த கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் இன்னும் பல வருடம் நிற்கும். ஆனால் கழித்துவிட்டால் கிடைப்பது சுள்ளி, அதில் எங்கே கூலி எடுப்பது? அதனால் வருகிற ஆள் "உள்ளே பொந்துங்க, ஆபத்துங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும், வீட்டுக்காரர் பயந்து தலையாட்டிவிடுவார். இல்லையென்றால் மொட்டை அடிக்கச் சொல்வார்கள். மொட்டை அடித்த மரம் வெட்டுவாயிலிருந்து கொத்துக் கொத்தாகப் புதுக்கிளை விடும். அது மேலோட்டமாக ஒட்டியிருக்கிற கிளை, நாலைந்து வருடத்தில் பருத்து அடுத்த புயலுக்கு முதலில் ஒடிவது அதுதான். கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தில் வளையமாக ஒரு தடிப்பு இருக்கும், அதை விட்டு அறுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். "இன்னும் ஒட்ட வெட்டுப்பா, முண்டு அசிங்கமா இருக்கு" என்று அதையும் எடுக்க வைப்பவர்கள் உண்டு.

2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்கு அடுத்த நாளிலிருந்து சென்னையில் மெஷின் வைத்திருந்தவன் எல்லாம் மரம் வெட்டுகிறவன் ஆனான். நின்ற மரத்தைவிட விழுந்த மரம் ஆபத்து என்பது பலருக்குத் தெரியவில்லை. வில்லாக வளைந்து சிக்கிக்கிடக்கிற கிளையை எந்தப் பக்கம் அறுக்கிறோம் என்று தெரியாமல் அறுத்தால் அது அடித்துத் தூக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் உடலை அறுத்ததும் பாரம் நீங்கி வேர்க்கட்டை மண்ணோடு திரும்ப நிமிரும், குழிக்குள் எட்டிப் பார்க்கிற சிறுபிள்ளை கதி என்ன? 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை கிடந்தபோது, யாராவது எடுத்துப்போனால் போதும் என்று தோப்புக்காரர்கள் நின்றார்கள். விறகுக்கு விலையே இல்லாமல் போனாலும் அறுக்கிற வேலை துளிகூடக் குறையவில்லை.

மின்கம்பி விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லைன்மேன் வந்து நிறுத்தித் தராமல் கம்பி பக்கத்துக் கிளையைத் தொடக் கூடாது. ஈரக் கிளை மின்சாரம் கடத்தும். லைனை நிறுத்திய பிறகும், எங்கோ ஒரு வீட்டில் சரியாக இணைக்காத ஜெனரேட்டர் ஓடினால் அது திரும்பிக் கம்பிக்கு வரும். "ஒரே கிளைதானே, அதுக்கு எதுக்கு ஈபிக்காரரைக் கூப்பிட்டுக்கிட்டு" என்று சொல்கிறவர் மாடியிலிருந்துதான் சொல்கிறார்.

அனுமதியும் இதே கதைதான். தெருவோர மரம் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போக வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்து முடித்துவிடு என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டினால் மரம் எங்கள் வண்டியில் இருக்கும், திருடன் யார் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. மரம் எங்களுக்கு என்று பேசிய பேரத்தின் இன்னொரு பலன் இது.

தென்னை ஏறுகிறவருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு இருக்கிறது. பனைமரத் தொழிலாளருக்கு நம் மாநிலத்தில் தனி நலவாரியம் உண்டு. இரண்டும் நல்ல காரியம். ஊரெல்லாம் தூங்குமூஞ்சியிலும் வேம்பிலும் ஏறி மெஷினோடு நிற்கிறவனை எந்தப் பெயரில் பதிவது என்று நான் போய்க் கேட்ட அலுவலகத்தில், "கட்டட வேலைன்னு போட்டுக்கப்பா" என்றார்கள். போட்டுக்கொள்ளலாம், நாளைக்கு மரத்திலிருந்து விழுந்தால் கட்டடம் எங்கே என்று கேட்பார்களே! சிங்கப்பூரில் தோட்ட வேலைக்குப் போய்வந்த எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் கொண்டுவந்தான். அங்கே வகுப்பில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் மரத்தில் ஏற விட்டார்களாம். இங்கே நாங்கள் பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம், தப்பாகக் கற்றுக்கொண்டவர்கள் சிலர் இப்போது இல்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சியாக இதை ஒன்று வைத்தால் வருவதற்கு ஆள் இருக்கிறது.

அது நடக்கும்போது நடக்கட்டும். வாசகர்கள் இந்த வருடமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏறி இறக்குகிற கூலியைத் தனியாகப் பேசுங்கள், மரத்தைத் தனியாகப் பேசுங்கள். எங்கள் ஆட்களோடு நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மரத்துக்கு விலை இருந்தால் வண்டியை எடைமேடையில் ஏற்றி ரசீதை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவோம், அதை அவரே விற்றுக்கொள்ளட்டும், பெஞ்சாக இழைத்துக்கொள்ளட்டும், எங்களுக்குக் கவலையில்லை. இப்படிப் பேசியதால் கைவிட்டுப் போன வேலைகளும் உண்டு, பக்கத்துத் தெருவில் விறகுக்கே வெட்டித்தர ஆள் கிடைத்துவிடுகிறான்.

மழைக்கு முன் நீங்கள் வெளியிடுகிற அந்த அறிவுரையில் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டால் நன்றாயிருக்கும். கூடவே, வருகிற ஆளிடம் கயிறு எத்தனை வருடத்துப் பழசு என்றும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
மரம் ஏறும் தொழிலாளி ஒருவர்,
தாம்பரம்