சொல்லும் பொருளும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல் போட்டிருந்தீர்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒற்றை வார்த்தையில் பொருள், மேலே ஒரு மாதத்தில் ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்ய அட்டவணை. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு முயலும் பிள்ளைகளுக்கு உதவ நினைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு உருப்போடும் மாணவருக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம்தான். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் மாலை வேளைகளில் பொறியியல் மாணவர்கள் இந்தத் தேர்வுக்காக என் வீட்டுக்கு வந்து படிக்கிறார்கள். அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு காலத்தில் அந்த முறைக்குப் பலன் இருந்தது. பழைய ஜி.ஆர்.இ.யில் ஒரு சொல்லைத் தந்து அதற்கு எதிர்ச்சொல் கேட்பார்கள். இரண்டு சொற்களுக்குள் என்ன உறவோ அதே உறவுள்ள இன்னொரு ஜோடியைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தலையணை அளவுப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அதில் மதிப்பெண்ணை அள்ளினார்கள். 2011 ஆகஸ்டில் தேர்வை மாற்றியமைத்தபோது, அதை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டது. அதன் பிறகு சொல்லைத் தனியாக நிறுத்திப் பொருள் கேட்பதே இல்லை, எல்லாமே வாக்கியத்துக்குள்தான். நம் ஊர்ப் பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

2023 செப்டம்பரிலிருந்து தேர்வு மொத்தமே 1 மணி 58 நிமிடம்தான். அதில் மொழிப் பகுதிக்கு 27 கேள்விகள், 41 நிமிடங்கள். ஒரு கேள்விக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். ஒரு வகைக் கேள்வியில், கோடிட்ட இடம் உள்ள ஒரு வாக்கியமும் ஆறு சொற்களும் இருக்கும். எந்த இரண்டைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருளைத் தருமோ அந்த இரண்டையும் எடுக்க வேண்டும். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் கிடையாது. பட்டியல் படித்த பிள்ளை என்ன செய்கிறது? வாக்கியத்தை விட்டுவிட்டு, ஆறில் ஒரே பொருளுள்ள ஜோடி எது என்று தேடுகிறது. ஜோடி கிடைக்கும், ஆனால் அது அந்த வாக்கியத்துக்குப் பொருந்தாததாகவும் இருக்கலாம். அப்படித் தேடாதீர்கள் என்று இ.டி.எஸ். தன் குறிப்பிலேயே எச்சரிக்கிறது.

பெரிய சொற்களால் இவர்கள் சறுக்குவதைவிடச் சின்னச் சொற்களால் சறுக்குவதே அதிகம். 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறு என்று நோட்டில் எழுதியிருப்பார்கள். செனட்டர் ஒருவர் மசோதாவுக்குக் 'குவாலிஃபைடு சப்போர்ட்' தந்தார் என்று தேர்வில் வந்தால் தகுதியான ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில நிபந்தனைகளோடு, முழுமையாக இல்லாமல் தந்த ஆதரவு அது. வாக்கியமே தலைகீழாகிப் போகிறது. 'எனிதிங் பட் சிம்பிள்' என்றால் எளிமை என்பதே துளியும் இல்லை. 'நத்திங் பட்' என்றால் அது மட்டும்தான், வேறொன்றுமில்லை. 'பெர்ஸ்பிகேஷியஸ்' என்ற சொல்லுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் பொருள் சொல்லும் மாணவர் இங்கே தடுமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இது எந்தப் பட்டியலிலும் வராது, படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு நாளுக்குள் பெரும்பகுதி போய்விட்டது. வாக்கியம் இல்லாத சொல்லும் மாணவருக்குக் கிட்டத்தட்ட அந்த அசை மாதிரிதான். என்னிடம் வருபவர்களைத் தாங்கள் படித்த பத்தியிலிருந்தே சொல்லை எடுக்கச் சொல்கிறேன். அதை ஒரு சிறு அட்டையில் எழுதி, ஒரு பக்கம் அந்த வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும், பின்பக்கம் பொருள். மறுநாள் பார்க்க வேண்டும், அப்புறம் நாலு நாள் விட்டு, அப்புறம் இரண்டு வாரம் விட்டு. வேர்ச்சொல்லும் கைகொடுக்கும். பேசுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேர் ஒன்று தெரிந்தால் 'எலொக்வென்ட்', 'லொக்வேஷியஸ்', 'சொலிலக்வி' மூன்றும் ஒரே குடும்பம் என்று புரிந்துவிடும்.

பட்டியலால் இன்னொரு கெடுதலும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, பொறியியலில் நன்றாகத் தேறிய ஒரு பெண் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். முதல் நாளே கையில் கொடுத்த சொற்பட்டியல் கட்டைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் நமக்கு ஆகாது என்று நின்றுவிட்டாள். கணக்குப் பகுதியில் அவளுக்குக் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வரும். மொழிப் பகுதியிலும் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்விகள்தான். கட்டுரையாளர் எங்கே ஒப்புக்கொள்கிறார், எங்கே மறுக்கிறார், எந்த இடத்தில் பேச்சைத் திருப்புகிறார் என்று பிடிக்கும் திறமை அதற்குப் போதும். தமிழில் தலையங்கமும் கட்டுரையும் ஊன்றிப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பணம் கட்டிச் சேர்வதற்கு முன்னால் இ.டி.எஸ். இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வை ஒரு தடவை எழுதிப் பாருங்கள் என்றும் யாரும் சொல்வதில்லை. 2020-க்குப் பிறகு பல அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டன. சேர நினைக்கும் துறை அதைக் கேட்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் வாரங்களில் அந்தப் பட்டியலுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரே ஒரு நல்ல பத்தி வெளியிடுங்கள். அறிவியல், வரலாறு, கலை என எதைப் பற்றியும் இருக்கலாம். அதிலுள்ள மூன்று நான்கு சொற்களுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று தமிழில் விளக்குங்கள். வாதம் எங்கே திரும்புகிறது என்றும் ஒரு வரி சேருங்கள். சில வாரம் கழித்து அதே சொற்கள் வேறு பத்தியில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்ப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத மாணவர்கள் நூலகத்தில் உங்கள் இணைப்பை எடுத்துப் படிக்கிறார்கள், அவர்களுக்கு இது மிகவும் உதவும். நீங்கள் இசைந்தால் இந்தப் பத்திகளைத் தயாரித்துத் தர நானும் ஓய்வு பெற்ற என் தோழியர் சிலரும் தயாராக இருக்கிறோம். ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
பாளையங்கோட்டை