சொகுசுக் கப்பல்களில் புகைபிடிக்கும் இடத்தை வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கப்பல் பொறிஞர் ஒருவர்,
தூத்துக்குடி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகம்,
நாடாளுமன்றத் தெரு, புதுதில்லி.

பொருள்: இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களில் பால்கனியிலும் சூதாட்டக் கூடத்திலும் புகைபிடிப்பதைத் தடுத்தல், திறந்த தளத்தில் தனி இடம் ஒதுக்கச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலம் முழுவதும் பயணிகள் கப்பலில் கால் வைத்ததில்லை. அண்மையில் மனைவி, மகள், பேரனோடு, இந்தியத் துறைமுகம் ஒன்றிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பலில் போய்வந்தேன். பேரனுக்கு ஆஸ்துமா உண்டு. கடற்காற்று அவனுக்கு நல்லது என்றுதான் கூடுதல் பணம் கட்டிப் பால்கனி உள்ள அறையாகப் பார்த்து எடுத்தோம். கப்பலின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது தனியொரு கப்பல் மீதான புகாராகச் சுருங்கி, ஒரு வருத்தக் கடிதத்தோடு கோப்பு மூடப்பட்டுவிடும். எனக்கு வேண்டியது எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும் ஒரு விதி.

நடந்தது இதுதான். எங்கள் பால்கனிக்கும் அடுத்த அறையின் பால்கனிக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. அதன் மேலும் கீழும் இடைவெளி. அடுத்த அறைக்காரர் காலையில் கண் விழித்ததிலிருந்து அங்கேதான் புகைத்தார். கப்பல் 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல்மைல், வேகத்தில் ஓடினால், காற்றே அடிக்காத நாளிலும் மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று இருக்கும். அது கப்பலின் பக்கவாட்டில் பின்னோக்கி ஓடும்போது ஒவ்வொரு பால்கனியிலும் சுழன்று உள்ளே நுழையும். முன்னறையில் ஒருவர் ஊதினால் பின்னால் வரிசையாக உள்ள அறைகளுக்கெல்லாம் அது போய்ச் சேரும். கதவை அடைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தோம். கடலைப் பார்க்கக் கட்டிய பணத்துக்குக் கண்ணாடியைப் பார்த்தோம்.

காயப்போட்டிருந்த துண்டில் சாம்பல் விழுந்து கிடந்தது. அதை உதறும்போது எங்கள் நாற்காலியின் கைப்பிடியைக் கவனித்தேன். குன்றிமணி அளவுக்குப் பொசுங்கிய துளை, ஓரம் கறுத்து உருகியிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்த யாரோ செய்தது, அல்லது மேல்தளத்திலிருந்து காற்றில் வந்து விழுந்த துண்டு. அதற்குப் பிறகு பேரனின் இருமலோடு இன்னொரு கவலையும் எனக்குச் சேர்ந்துகொண்டது.

2006 மார்ச் 23 அன்று அதிகாலை 3 மணியளவில், ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அணைக்காமல் வீசப்பட்ட சிகரெட் துண்டே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு கண்டறிந்தது. பால்கனித் தடுப்புகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓடும் கப்பலின் காற்றில் தீ அறைக்கு அறை தாவியது. கரும்புகையால் பயணி ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் பால்கனிகளில் எளிதில் தீப்பற்றும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் திருத்தம் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தடுப்பின் பொருளை மாற்றச் சொன்னார்களே தவிர, சிகரெட்டைப் பால்கனிக்குக் கொண்டுபோகாதே என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை. நிறுவனங்கள்தான் தாமாகவே அதைச் செய்தன. பிரின்சஸ் நிறுவனம் 2012இலும், ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவை 2014இலும் பால்கனியில் புகைபிடிப்பதை நிறுத்தின. வியாபாரம் படுத்துவிடவில்லை.

கப்பலின் வரவேற்பு மேசையில் முறையிட்டேன். "பால்கனி திறந்தவெளி சார், அங்கே தடை கிடையாது" என்று பணிவாகத்தான் பதில் வந்தது. கோபப்பட்டுப் பயனில்லை, சட்டத்தில் அப்படி ஒரு சந்து இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம், நான்காம் பிரிவில், பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. பொது இடம் என்பதில் பொது வாகனங்களும் அடங்கும், திறந்தவெளி அடங்காது. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதி, 30 பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்குத் தனிப் புகையறை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. கப்பல் இந்தப் பட்டியலில் இல்லை. அது வாகனமா, விடுதியா? நிறுவனத்துக்கு எந்த நேரத்தில் எது வசதியோ அதுவாக இருந்துகொள்கிறது.

விடுதி என்றே வைத்துக்கொள்வோம். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, புகையறைக்கு நான்கு பக்கமும் கூரை வரை சுவர் வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். புகை நேராக வெளியே போக வேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நான் போன கப்பலின் சூதாட்டக் கூடத்துக்குக் கதவே இல்லை. உணவகத்துக்கும் நாடக அரங்குக்கும் நடுவே, எல்லாரும் கடந்தே தீர வேண்டிய இடத்தில் அதை அமைத்திருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் போகும் குழந்தைகள் அந்தப் புகைக்குள் நடந்துதான் போகிறார்கள். கப்பலின் குளிரூட்டியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எரிபொருளை மிச்சப்படுத்த, உள்ளே இருக்கும் காற்றில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக் குளிர்வித்து அனுப்புவது வழக்கம். கூடத்தின் ஒரு பாதிக்கு 'புகை கூடாது' என்று பலகை வைத்தால் காற்று அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகாது.

பயணி சில நாளில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவார். சூதாட்ட மேசையில் சீட்டுப் பகிரும் பெண்ணுக்கும் சாம்பல் கிண்ணம் துடைக்கும் பையனுக்கும் ஒப்பந்தம் மாதக்கணக்கில். மூடிய பணியிடத்திலும் பொதுப் போக்குவரத்திலும் பிறர் புகையிலிருந்து மக்களைக் காக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் எட்டாம் உறுப்பு. இந்தியா அதை 2004 பிப்ரவரியிலேயே ஏற்றிருக்கிறது. எண்ணெய்க் கப்பலில் நாங்கள் தீப்பெட்டியோடு மேல்தளத்தில் நின்றால் அன்றைக்கே கேப்டன் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பயணிகளை ஏற்றும் கப்பலில் அந்தக் கண்டிப்பில் கால் பங்குகூட இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அதற்காக முழுத் தடை விதியுங்கள் என்று நான் கேட்கவில்லை. கார்னிவல் நிறுவனம் 1998இல் 'பாரடைஸ்' என்ற கப்பலை முற்றிலும் புகையற்ற கப்பலாக ஓட்டியது. பிடிபட்டவருக்கு 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுதல் என்று கண்டிப்பாகவே நடத்தினார்கள். 2004இல் அதைக் கைவிட்டார்கள். புகைப்பவருக்கு ஓர் இடம் தராவிட்டால் கழிவறையிலும் போர்வை அடுக்கும் அறையிலும் ஒளிந்து பற்றவைப்பார். அது பால்கனியைவிட ஆபத்து.

ஆகவே நான் வேண்டுவது: அறைகளிலும் பால்கனிகளிலும் சூதாட்டக் கூடம் உள்ளிட்ட மூடிய பகுதிகளிலும் புகைபிடிக்கக் கூடாது. அதற்கு ஈடாக மேல்தளத்தின் பின்பகுதியில், உணவு பரிமாறும் இடத்திலிருந்தும் குழந்தைகளின் குளத்திலிருந்தும் காற்று உள்ளிழுக்கும் வாய்களிலிருந்தும் தள்ளி, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு இடங்கள் ஒதுக்க வேண்டும். அன்றன்றைக்குக் காற்றுக்கு மறைவான பக்கத்தைக் கேப்டன் திறந்துவிடலாம். இந்த இடங்களை வரைபடத்தை வைத்து ஒப்புதல் தர வேண்டாம். கப்பலின் மேற்கட்டுமானத்துக்குப் பின்னால் காற்று எப்படிச் சுழலும் என்பது கப்பல் கடலில் ஓடும்போதுதான் தெரியும்; அப்படி ஓடவிட்டுச் சோதித்த பிறகே அனுமதி தர வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் உலோகச் சாம்பல் தொட்டி கட்டாயம். டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே, எந்தெந்த அறைகள் இந்த இடங்களுக்கு அருகில் உள்ளன என்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் காட்ட வேண்டும்.

பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவாகி அந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பலை நம் சட்டம் எட்டாது, 12 கடல்மைலைத் தாண்டினால் கொடி நாட்டின் சட்டம்தான் என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் குறிப்பு எழுதக்கூடும். இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்ல வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்குச் சலுகை தருவது இந்திய அரசுதான். அந்தச் சலுகைக்கு இதை நிபந்தனையாக்கினால் கொடியைப் பற்றிய பேச்சே எழாது. தண்டனையையும் பயணி மீது மட்டும் சுமத்த வேண்டாம். சட்டப்படி அவருக்கு அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். சூதாட்ட மேசையில் உட்காருபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பொறுப்பு கப்பலை இயக்கும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும்.

2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'குரூஸ் பாரத்' இயக்கத்தின் வழியாக, 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரட்டிப்பாக்கத் தங்கள் அமைச்சகமே இலக்கு வைத்திருக்கிறது. புதிய கப்பல்கள் வருமுன் நிபந்தனையை எழுதிவிடுவது எளிது; வந்து ஓடத் தொடங்கிய பிறகு மாற்றச் சொன்னால் ஆயிரம் காரணம் சொல்வார்கள். அக்டோபரில் அடுத்த பருவம் தொடங்கும் முன் இதற்கான சுற்றறிக்கையை வெளியிட ஆவன செய்யுமாறும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்