ஓட்டமானியும் வாடகைக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வாடகைக் காரில் புதுச்சேரி வழியாகத் திண்டிவனம் சென்று திரும்பியபோது, காரின் ஓட்டமானி 131 கிலோமீட்டரும் என் கைப்பேசியின் ஜி.பி.எஸ். 126 கிலோமீட்டரும் காட்டின. கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வீதம் 70 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். ஓட்டுநர் மீது தவறில்லை. அவரும் அந்த எண்ணைத்தான் நம்புகிறார்.

வழியில் வேகமுள் 80-ஐத் தொட்டபோது கைப்பேசி 76 என்றது. அது எதிர்பார்க்கத்தக்கதே. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்றும், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கிலோமீட்டர் வரை கூட்டிக் காட்டலாம் என்றும் கார்களுக்கான ஐ.நா.வின் 39-ஆம் விதி கூறுகிறது.

ஓட்டமானியோ சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தூரத்தைக் கணக்கிடுவது. 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும்போது சக்கரத்தின் சுற்றளவு குறைந்து, 100 கிலோமீட்டருக்குச் சுமார் 2 கிலோமீட்டர் கூடுதலாகப் பதிவாகும். காற்றுக் குறைவும், அளவு மாறிய டயரும் கணக்கை மேலும் பிசகச் செய்யும். வளைவுகளிலும் அடர்ந்த மரநிழலிலும் ஜி.பி.எஸ். பிசகக்கூடும் என்றாலும், திறந்த நெடுஞ்சாலையில் அதை நம்பலாம்.

எனவே, கடலூர்–புதுச்சேரி சாலையில் துல்லியமாக அளந்த 5 கிலோமீட்டர் தூரத்தைக் குறியிட்டு, வாடகை வாகனங்களின் ஓட்டமானியை ஆண்டுதோறும் அங்கே ஓட்டிச் சரிபார்க்க இரு அரசுகளின் போக்குவரத்துத் துறைகளும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.