முதலில் ஆதாரம், பிறகு புகார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோற்றுப்போன வீரரின் போனில் வந்து குவியும் மிரட்டல்களுக்கு "அதையெல்லாம் பார்க்காதே" என்பதே இன்றும் கிடைக்கும் அறிவுரை. பார்க்காவிட்டால் மிரட்டல் நின்றுவிடாது. எது வெறும் வசவு, எது வீட்டு முகவரியைச் சொல்லி வரும் கொலைமிரட்டல் என்று பிரிக்க ஆள் இல்லாமல் போகும். அந்த வேலைக்கென்றே விளையாட்டுச் சங்கங்கள் ஒருவரை நியமிக்க வேண்டும்.

பதற்றத்தில் பலரும் முதலில் சமூக வலைத்தளத்தில் புகார் கொடுத்துவிடுகிறார்கள். பதிவு நீக்கப்பட்டால் ஆதாரமும் அதோடு போயிற்று. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். அதில் பயனர் பெயர், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். முகப்பில் தெரியும் பெயரை யாரும் நொடியில் மாற்றிவிடலாம். அதனால் கணக்கின் இணைப்பையும் பதிவின் இணைப்பையும் தனியே எடுத்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் நல்லது. இவை கையில் வந்த பிறகுதான் புகார், பிளாக் எல்லாம். உயிருக்கு மிரட்டல் என்றால் அன்றே போலீசிடம் போக வேண்டும். எந்த இணைய இணைப்பிலிருந்து பதிவு வந்தது என்று காட்டும் ஐபி முகவரி விவரங்களைச் சமூக வலைத்தள நிறுவனங்கள் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. அழியாமல் வைக்கச் சொல்லி போலீஸ் விரைவில் கேட்டால்தான் ஆளைப் பிடிக்க வழியுண்டு.

கெட்ட வார்த்தைகளை மறைக்கும் வசதி இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. ஆனால் எழுத்துக்கு நடுவே எண்ணோ புள்ளியோ வைத்தால் சில சமயம் தப்பிவிடுகிறது. 2021இல் யூரோ கால்பந்து இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாகா மூவருக்கும் வந்தவற்றில் குரங்கு எமோஜிகள் ஏராளம். எமோஜிகளையும் மறைக்க வேண்டிய வார்த்தைகளின் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும்.

விளையாட்டு முடிவுகள் மீது பணம் கட்ட வைக்கும் பந்தய நிறுவனங்களை ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம். மகளிர் டென்னிஸ் சங்கமும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் 2024ஆம் ஆண்டைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், 458 டென்னிஸ் வீரர்களைக் குறிவைத்து சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்ததாகவும், அவற்றில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்களின் ஆத்திரம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சமூக வலைத்தளத்தில் பொய்ப் பெயரில் ஒளியலாம். உரிமம் பெற்ற பந்தயத் தளத்திலோ அடையாளச் சான்று கொடுத்துத்தான் கணக்கு திறக்க முடியும். 2025இல் பிலடெல்பியாவில் ஓட்ட வீராங்கனை கேபி தாமஸை மைதானத்திலேயே தொந்தரவு செய்துவிட்டு, பந்தயச் சீட்டோடு அதை இணையத்தில் பெருமையடித்தவரை அந்தப் பந்தய நிறுவனமே தடை செய்தது. இப்படித் தடை செய்வதை எல்லாப் பந்தய நிறுவனங்களுக்கும் உரிம நிபந்தனையாக்க அரசுகளால் முடியும்.