உறையின் பின்பக்கத்தையும் அனுப்பு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன், நியாயமான திட்டுதான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மீனா சொன்னாள். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாமல் போடச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய ஜெர்மன் தபால் உறைகளின் படங்களையும், பள்ளிக்கூடத்தில் பேச நீ எழுதிய நாலு பக்கத்தையும் பார்த்தேன். ஸ்விட்சர்லாந்து ஸ்டாம்பில் இருந்த ஹெல்வெட்டியா என்ற பெயரை அட்லசில் தேடிய பையன், 1923-இல் ஜெர்மனியின் பணம் மதிப்பிழந்த கதையைப் பேசப் போகிறான் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. பேச்சுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, திருத்திவிடலாம்.

முதல் இடம், எண். "ஒரு பில்லியன் என்றால் 100 கோடி" என்று எழுதியிருக்கிறாய். அது அமெரிக்கக் கணக்கு. ஜெர்மானியர்கள் 100 கோடியை மில்லியார்டெ என்பார்கள். அவர்களுடைய பில்லியன் ஒரு லட்சம் கோடி. இதைத் தவறவிட்டால் நீ சொல்லும் விலையெல்லாம் ஆயிரம் மடங்கு பிசகும். நமக்கோ லட்சம் கோடி பட்ஜெட் செய்தியில் தினமும் அடிபடுகிற சொல். முதல் உலகப் போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பர் 20 அன்று ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். இரண்டையும் போர்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது, வேறு விளக்கம் வேண்டாம்.

அந்த வருஷத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட உன் உறைகளே போதும். ஊர்விட்டு ஊர் போகும் 20 கிராம் கடிதத்தின் தபால் கட்டணத்தைப் பார். ஜனவரி 15-இல் 50 மார்க். மார்ச்சில் 100. ஜூலையில் 300. ஆகஸ்டு 1-இல் 1,000, அதே மாதம் 24-இல் 20,000. செப்டம்பர் 20-இல் இரண்டரை லட்சம். அக்டோபர் 1-இல் 20 லட்சம், 10-ஆம் தேதி 50 லட்சம், 20-ஆம் தேதி ஒரு கோடி. நவம்பர் 1-இல் 10 கோடி, 5-இல் 100 கோடி, 12-இல் 1,000 கோடி, 20-இல் 2,000 கோடி, 26-இல் 8,000 கோடி. டிசம்பர் 1-இல் 10,000 கோடி. அந்த 10,000 கோடி புதுப் பணத்தில் வெறும் 10 பிஃபென்னிக், அதாவது ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. கட்டணம் ஏறுவதை மட்டும் சொல்லாதே, அது எவ்வளவு பின்தங்கி ஏறுகிறது என்று சொல். ஆகஸ்டு 1-இல் டாலர் சுமார் 11 லட்சம் மார்க். அன்றைய 1,000 மார்க் கட்டணத்தைப் பழைய பணத்துக்கு மாற்றிப் பார்: 11 லட்சத்தை 4.2-ஆல் வகுத்தால் சுமார் 2.6 லட்சம், அதில் 1,000 என்பது அரை பிஃபென்னிக்கூட இல்லை. 10 பிஃபென்னிக் வாங்க வேண்டிய இடத்தில் அரைகூட வரவில்லை. நவம்பர் 20-இன் 2,000 கோடியும் 2 பிஃபென்னிக்தான். தபால்காரருக்குச் சம்பளம் ஏறுகிறது, ரயிலுக்குக் கரியின் விலை ஏறுகிறது, கட்டணமோ மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. வரியும் இதே கதைதான். போன வருஷ வருமானத்துக்குப் போட்ட வரியை இந்த வருஷம் கட்டும்போது அந்தத் தொகைக்கு ஒரு ரொட்டித் துண்டு வராது. அக்டோபரில் அரசின் செலவில் வரியால் கிடைத்தது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். மீதிக்கு நிதியமைச்சகம் கடன் பத்திரம் எழுதும், மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் அதை வாங்கிக்கொண்டு நோட்டு தரும். முப்பதுக்கு மேற்பட்ட காகித ஆலைகளும் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட அச்சகங்களும் இந்த வேலையில் இருந்தன. வட்டி விகிதத்தைச் செப்டம்பரில் 90 சதவீதமாக்கினார்கள். வருஷத்துக்கு 90 சதவீதம்! பணத்தின் மதிப்பு ஒரே மாதத்தில் பல மடங்கு சரியும்போது அது இலவசக் கடன். வாங்கத் தெரிந்தவன் வாங்கிக் குவித்தான்.

இதை உச்சத்துக்குத் தள்ளியது எது என்று இரண்டு வரி சேர்த்துக்கொள். ஜெர்மனி தர வேண்டிய போர் இழப்பீட்டில் தந்திக் கம்பமும் கரியும் தருவதில் பாக்கி என்று ஜனவரி 11-இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ரூருக்குள் நுழைந்தன. ஜெர்மன் பிரதமர் கூனோவின் அரசு ஒத்துழையாமை அறிவித்தது. வேலையை நிறுத்தியவர்களுக்குக் கூலியை அரசே கொடுத்தது. ரூரின் கரி போயிற்று, அங்கிருந்து வரும் வரி போயிற்று, இங்கிலாந்தில் கரி வாங்க அன்னியப் பணமும் போயிற்று. ஒரே சமயத்தில் வருமானம் வற்றிச் செலவு பெருகியது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை ரைக்ஸ்பாங்க் தன் கையிருப்பை விற்று டாலரை 21,000 மார்க் அருகே பிடித்து வைத்தது. ஏப்ரல் 18-இல் பிடி நழுவியது. மார்ச்சிலிருந்து ஜூன் கடைசிவரை கட்டணம் 100-லேயே நிற்கிறதே, ஏன் என்று கேட்டிருந்தாயே. பாதிக் காலத்துக்குக் காரணம் இந்தப் பிடிப்பு. மீதிக் காலம் தபால் இலாகாவின் தாமதம்.

நின்றது எப்படி என்பதில் நீ "நிலத்தின் மீது அச்சடித்த பணம்" என்று எழுதி முடித்துவிட்டாய். அது பாதிதான். விவசாய நிலம், தொழிற்சாலை ஆகியவற்றின் மீது அடமானம் வைத்து ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தது உண்மை. ஆனால் நோட்டை நீட்டி யாரும் ஒரு குழி நிலம் வாங்க முடியாது. 5 சதவீத வட்டிப் பத்திரம் ஒன்றுதான் கிடைக்கும். மொத்தம் 320 கோடி, அதில் அரசுக்கு 120 கோடி, அதற்கு மேல் இல்லை என்ற வரம்புதான் உயிர். நவம்பர் 15-இல் புது நோட்டு வெளியான அன்றே, அரசின் கடன் பத்திரங்களை வாங்குவதை ரைக்ஸ்பாங்க் நிறுத்தியது. டிசம்பரில் அரசு இன்னும் கடன் கேட்டபோது அந்த நோட்டை வெளியிட்ட ரென்டன்பாங்க் கை விரித்தது. இந்த மாற்றத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்ட நாணய ஆணையர் ஷாக்ட், நிதியமைச்சகத்தில் துப்புரவுப் பெண் துடைப்பம் வைத்திருந்த இருட்டறையில் உட்கார்ந்து நாள் முழுக்க டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தாராம், இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல். அதோடு, ஆட்குறைப்பில் ரயில்வே, தபால் உள்பட சுமார் 4 லட்சம் அரசு ஊழியர்கள் வேலை இழந்ததையும் சொல். திருமணமான பெண்களை முதலில் அனுப்பினார்கள். அந்த வரி உன் பேச்சில் இல்லாதது எனக்கு வருத்தம்.

இரண்டாவது இடம்தான் பெரிது. "இந்தப் பணவீக்கம் ஹிட்லரை ஆட்சியில் அமர்த்தியது." இல்லை முருகேசா. 1923 நவம்பர் 8-ஆம் தேதி இரவு முனிச் பீர் மண்டபத்தில் அவன் தொடங்கிய கலகம் மறுநாள் மதியமே முடிந்தது. விலைவாசி உச்சியில் இருந்த அந்த நவம்பரிலேயே அவன் தோற்றுத்தான் போனான். 1928 தேர்தலில் அவன் கட்சிக்கு 2.6 சதவீதம். 1930-இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. அப்போது விலை ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. கூலி வெட்டப்பட்டது, 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்றார்கள். அந்த ஒன்பது வருஷ இடைவெளியை ஒரே வரியில் தாண்டினால் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க அதையே நம்புவார்கள். தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் மறக்கவில்லை. அடமானக் கடனில் நாலில் ஒரு பங்குதான் திரும்பும் என்று 1925-இல் சட்டம் வந்தது, மீதி முக்கால் பங்கும் கடன் வாங்கியவனுக்கு லாபம். நோட்டடிப்பதைப் பற்றிய அந்தப் பயம்தான் 1930 முதல் 1932 வரை பிரதமராக இருந்த புரூனிங் காலத்தில் செலவு செய்ய வேண்டிய அரசின் கையைக் கட்டியது. அப்படிச் சொன்னால் சரி.

இனி அந்த லைப்ஸிக்–டிரெஸ்டன் உறை. 27 நவம்பர் முத்திரை, மேலே 2,000 கோடி மார்க் ஸ்டாம்பு ஒன்றே ஒன்று. "கட்டணத்துக்குத் தொகை போதவில்லையே, போலியா?" என்கிறாய். அவசரப்படாதே. நவம்பர் 26 முதல் 30 வரை ஐந்து நாள் மட்டும் ஒவ்வொரு ஸ்டாம்பும் அச்சிட்ட விலையைப் போல் நான்கு மடங்குக்குச் செல்லும். 2,000 கோடி நான்கு முறை, 8,000 கோடி, கணக்கு நேர். ஆனால் அந்த வருஷ ஸ்டாம்புகளில் முத்திரை படாதது மலிவு, அன்றே பயன்பட்டது அருமை. அதனால் ஏமாற்றுக்காரர்கள் ஸ்டாம்பை விட்டுவிட்டு முத்திரையைத்தான் பொய்யாகக் குத்துவார்கள். மசி ஸ்டாம்பிலிருந்து உறைக்கு முறியாமல் ஓடுகிறதா என்று லென்ஸில் பார். பின்பக்கத்தில் "இன்ஃப்லா" என்று, பணவீக்கக் கால ஸ்டாம்புகளை ஆராயும் சங்கத்துப் பரிசோதகரின் சிறு முத்திரை இருக்கிறதா என்றும் பார். ஓரத்தில் வட்டத் துளைக்குப் பதில் கீறல் போல இருந்தால் பயப்படாதே, அவசரத்தில் அப்படியும் வெளியிட்டார்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து அனுப்பு, இந்த வாரமே. தயவுசெய்து, பழைய பழக்கத்தில் ஸ்டாம்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடாதே. உறையோடு இருந்தால்தான் அந்த ஐந்து நாளும் அதில் இருக்கும்.

அன்புடன்,
ராமு