இடித்த பேராலயம், எழுந்த பேராலயம்

அன்புள்ள செல்வம்,

கவிதா கட்டிடக்கலையில் சேர்ந்துவிட்டாள் என்று நீ எழுதியதைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பரோக் பாணியைப் பற்றி, அதாவது வளைவுகளும் அலங்காரமும் நிறைந்த 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கட்டிடப் பாணியைப் பற்றி, மாமா எழுதட்டும் என்றாளாமே. ரோமாபுரியைப் பற்றிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் உக்ரைனின் கீவ் நகரத்துப் புனித மிக்கேல் பேராலயத்தைச் சொல்கிறேன்.

இளவரசர் ஸ்வியாதொபோல்க் 1108இல் தொடங்கிய கோயில் அது. அப்போது ஒரே குவிமாடம். உள்ளே, வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு பாணி) மொசைக் ஓவியங்கள். பின்னாளில் கோசாக் என்ற போர்வீரர் சமூகத் தலைவர்களின் காலத்தில் பக்கங்களில் இடம் கூட்டினார்கள், குவிமாடங்கள் ஏழாயின, வெளிச்சுவரில் சுதை வேலைப்பாடு ஏறியது. உள்ளே 12ஆம் நூற்றாண்டு, வெளியே 18ஆம் நூற்றாண்டு.

அந்த வெளித்தோற்றத்தையே காரணம் காட்டித்தான் சோவியத் ஆட்சியாளர்கள் இடித்தார்கள் என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. 1934இல் சோவியத் உக்ரைனின் தலைநகரம் கார்கிவிலிருந்து கீவுக்கு வந்தது. அரசு வளாகத்துக்கு இடம் வேண்டும். கோயில் பெரும்பாலும் பரோக்தான், காப்பாற்றும் அளவுக்கு மதிப்பில்லை என்று நிபுணர் குழு எழுதிக்கொடுத்தது. மிகோலா மகரென்கோ என்ற தொல்லியல் அறிஞர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள், 1938இல் சுட்டுக் கொன்றார்கள். கவிதாவிடம் இந்தப் பெயரை அவசியம் சொல்.

மொசைக்குகளில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு, 1937 ஆகஸ்டில் மிச்சத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே எழவிருந்த அரசுக் கட்டிடம் எழவே இல்லை!

உக்ரைன் விடுதலை பெற்றபின் அதே இடத்தில் மறுபடி கட்டி, 1999 மே மாதம் புனிதப்படுத்தித் திறந்தார்கள். எந்த பரோக் தோற்றத்தை மதிப்பில்லை என்றார்களோ, அதே தோற்றத்தில்: நீலச் சுவர், வெள்ளைச் சுதை, ஏழு பொற்குவிமாடங்கள். நகல்தானே என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2013 டிசம்பரில் ஒரு நள்ளிரவு, கீவின் நடுவே மைதான் சதுக்கத்தில் அரசை எதிர்த்துத் திரண்டிருந்த மக்களைக் காவல்படை சூழ்ந்தபோது, இந்தக் கோயில் மணிகள்தான் ஊரை எழுப்பின. நகல் என்று ஒதுக்கிவிடக்கூடிய கட்டிடமா அது?

அப்புறம், அங்கிருந்து பெயர்த்த புனித திமித்ரியின் மொசைக் இன்றும் மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. அதன் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல், கேடயத்தையும் அங்கியையும் கவனிக்கட்டும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவாய்தானே?

அன்புடன்,
இராமநாதன்